மூடுபனிக்குள் டொல்பின் வான்: பெற்றோல் எரித்துப் பற்றரி நிரப்பிய ஆறு நாட்கள்

முதலாம் நாள், ஜனவரி 16: கந்தப்பளை

தைப்பொங்கலைக் கண்டியில் அக்கா வீட்டில் முடித்துக்கொண்டு, அப்பாவும் நானும் எங்கள் பழைய டொல்பின் வானில் கம்பளை, இறம்பொடை வழியாக ஏறி, பிற்பகல் நான்கு மணியளவில் கந்தப்பளையில் மாமாவின் மரக்கறித் தோட்டத்தை வந்தடைந்தோம். படுக்கை, அடுப்பு, சிறிய குளிர்சாதனப் பெட்டி, கூரையில் 200 வொற் சூரியத் தகடு, இருக்கைக்குக் கீழே 100 அம்பியர்-மணி (ஓர் அம்பியர் மின்னோட்டத்தை நூறு மணி நேரம் தரும் அளவு) கொள்ளளவுள்ள இரண்டு ஏஜிஎம் (மூடிய ஈய அமில வகை) பற்றரிகள் என்று வானை ஒரு சிறு வீடாக மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. குளிர்சாதனப் பெட்டி ஆடம்பரத்துக்காக வைத்ததன்று. அப்பாவின் இன்சுலின் அதற்குள்தான் இருக்கிறது.

அக்கா வீட்டுப் பலாமர நிழலில் மூன்று நாள் நின்ற வான், மலை ஏறியதும் மூடுபனிக்குள் புகுந்துகொண்டது. சூரியத் தகட்டிலிருந்து 2 அம்பியருக்கு மேல் வரவில்லை. பற்றரிக்குள் போவதையும் வருவதையும் எண்ணிக் கணக்கு வைக்கும் சிறு மானி 58 விழுக்காடு என்று காட்டியது. குளிர்சாதனப் பெட்டி, விளக்குகள், என் மடிக்கணினி, இரண்டு தொலைபேசிகள், தண்ணீர்ப் பம்பு எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 55 அம்பியர்-மணியை உண்ணும். ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், அன்று மாலையே மின்பிறப்பாக்கியை இறக்க வேண்டியதாயிற்று. இது 2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்த காலத்தில் வீட்டுக்காக வாங்கிய 2 கிலோவோல்ற்-அம்பியர் இன்வேர்ட்டர் வகை, அதாவது மின்சாரத்தை மின்னணுச் சுற்றொன்றால் சீராக்கித் தருவது. அந்த நெருக்கடி தீர்ந்த பிறகு பெட்டிக்குள்ளேயே உறங்கிக் கிடந்தது.

அதன் முகப்பில் 12 வோல்ற் என்று எழுதிய ஒரு துவாரமும், அதற்கென்றே சிவப்பு, கறுப்புக் கவ்விகள் பூட்டிய வயரும் உண்டு. பற்றரியும் 12 வோல்ற், துவாரமும் 12 வோல்ற், வேறென்ன வேண்டும் என்ற எண்ணத்தில் நேரே பூட்டிவிட்டேன். ஐந்து மணிக்குத் தொடங்கி ஒன்பது மணி வரை இயந்திரம் ஓடியது. அந்த நான்கு மணி நேரத்தில் 1.8 லீற்றர் பெற்றோல் தீர்ந்தது. மானியோ 58இலிருந்து 66க்குத்தான் நகர்ந்திருந்தது.

காரணம் எளிது. அந்தத் துவாரம் தருவது 8 அம்பியர் மட்டுமே. நான்கு மணி நேரத்துக்கு 32 அம்பியர்-மணி வந்தது; அதே நேரத்தில் விளக்கும் கணினியும் குளிர்சாதனப் பெட்டியும் அதில் பாதியைத் தின்றுவிட்டன. இயந்திரம் சும்மா சுழல்வதற்கே ஒரு குறைந்தபட்ச எரிபொருள் தேவைப்படுகிறது. 100 வொற் எடுத்தாலும் 400 வொற் எடுத்தாலும் அந்த அடிப்படைச் செலவு மாறாது. நான் அந்த அடிப்படைச் செலவை முழுதாகக் கட்டிவிட்டு, கைப்பிடி அளவு மின்சாரத்தை வாங்கியிருக்கிறேன். மேலும் அந்தத் துவாரத்தில் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஒழுங்கு எதுவும் இல்லை. வழியில் நின்றுபோன காரின் பற்றரிக்கு உயிர் கொடுப்பதற்காக வைத்ததை நான் வீட்டுக்கு அடுப்பாகப் பயன்படுத்தப் பார்த்தேன்.

ஏழு மணிக்குத் தூறல் தொடங்கியபோது, இயந்திரத்தை வானின் தறப்பாளுக்குக் கீழே இழுத்து வைக்கும்படி அப்பா சொன்னார். அதற்கு மட்டும் நான் இணங்கவில்லை. புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றோடு ஏறத்தாழ ஒரே எடை என்பதால் அது கீழேயும் தங்காமல் மேலேயும் போகாமல், திறந்த யன்னல் வழியாக உள்ளே வந்து படுத்திருப்பவரோடு படுத்துக்கொள்ளும். மாமாவிடமிருந்து மரக்கறி ஏற்றும் பிளாஸ்ரிக் பெட்டிகள் நான்கை வாங்கி, அவற்றின் மேல் ஒரு தகரத்தைச் சாய்வாக வைத்து, நான்கு பக்கமும் திறந்த ஒரு குடிலை வானிலிருந்து பத்து மீற்றர் தள்ளி, காற்று எங்களை விட்டு விலகி வீசும் பக்கமாக அமைத்தோம்.

ஒன்பது மணிக்கு நிறுத்தியபோது மாமா சொன்னது: “மருமகனே, சத்தம் பெரிசா இல்ல. ஆனா பக்கத்து வீட்டுப் புள்ள சோதனைக்குப் படிக்குது.” இதைவிடப் பண்பாக ஒருவரைத் திட்ட முடியாது.

இரண்டாம் நாள், ஜனவரி 17: கந்தப்பளை

காலையில் கிழங்குப் பாத்திகளின் ஓரத்தில் வெண்ணிற உறைபனி படிந்திருந்தது. தை மாதத்தில் இந்தப் பக்கத்து விவசாயிகள் அஞ்சுவது மழையைவிட இதற்குத்தான். வெயில் பட்டதும் இலைகள் வெந்ததுபோல் கருகிவிடும். வானுக்குள் 11 பாகை, மானியில் 51 விழுக்காடு.

மாமா தமக்குத் தெரிந்த வாகனத் திருத்தகம் ஒன்றிலிருந்து பழைய சார்ஜர் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். உள்ளே பெரிய மின்மாற்றி வைத்த, இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய இரும்புப் பெட்டி அது. ‘60 அம்பியர்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்று நம்பினேன். ஆளியைப் போட்டதும் மின்பிறப்பாக்கி ஒருமுறை முனகியது; சிவப்பு விளக்கு எரிந்தது; மின்சாரம் நின்றது. மீண்டும் முயன்றேன், மீண்டும் அதே.

60 அம்பியரை 14 வோல்ற்றில் பெருக்கினால் 840 வொற். இயந்திரத்தின் தொடர்ச்சியான வலு 1,600 வோல்ற்-அம்பியர் என்றிருக்க, இது எப்படிப் போதாமற்போகும் என்று தேநீரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தப் பழைய சார்ஜரின் வினைத்திறன் முக்கால் பங்கு என்று கொண்டால், அது உறிஞ்சுவது 1,120 வொற். அத்தோடு அத்தகைய சார்ஜர்கள் மின்னோட்டத்தைச் சீராக எடுப்பதில்லை. மின்னலையின் உச்சியில் மட்டும் வெடுக்கென்று இழுக்கின்றன. இதைத்தான் வலுக்காரணி குறைவு என்கிறார்கள். வலுக்காரணி 0.65 என்று வைத்துக்கொண்டு 1,120ஐ அதனால் வகுத்தால், மின்பிறப்பாக்கியின் கண்ணுக்கு அது 1,700 வோல்ற்-அம்பியருக்கு மேற்பட்ட சுமை. எரிபொருளை எரிக்கும் சுமை 1,120 தான். ஆனால் இன்வேர்ட்டரின் மூச்சை அடைப்பது 1,700.

உயரமும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறும் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் சிறிய பெற்றோல் இயந்திரத்தின் வலு ஏறத்தாழ 3.5 விழுக்காடு குறையும் என்று கைநூலிலேயே எழுதியிருக்கிறது. நுவரெலியா நகரம் 1,868 மீற்றரில் இருக்கிறது. கந்தப்பளையும் அதற்கு ஒத்த உயரந்தான். ஆகவே கொழும்பில் இருந்த வலுவில் ஐந்திலொரு பங்குக்கு மேல் இறம்பொடை வளைவுகளிலேயே உதிர்ந்துவிட்டது. காற்று மெலிந்து பெற்றோல் கலவை தடித்துப்போவதால் புகையிலும் ஒரு கறுப்புத் தெரிந்தது.

நல்லவேளையாக அந்த இரும்புப் பெட்டியில் பாதி அளவுக்கு ஓர் ஆளி இருந்தது. 30 அம்பியரில் தொடங்கி, பற்றரியின் அழுத்தம் ஏற ஏறத் தானாகக் குறைந்து, இரண்டு மணி நேரத்தில் 48 அம்பியர்-மணி வந்தது, 1.3 லீற்றர் செலவாயிற்று. நேற்று ஒரு லீற்றருக்கு 18 அம்பியர்-மணி, இன்று 37. முன்னேற்றந்தான், ஆனால் அந்தப் பெட்டி தானாக நிறுத்திக்கொள்ளத் தெரியாதது. மறந்துவிட்டால் ஏஜிஎம் பற்றரியைப் பொங்க வைத்துவிடும். அதில் ஒருமுறை வெளியேறிய வாயுவுக்குப் பதிலாகத் தண்ணீர் ஊற்ற வழியில்லை. எனவே இரண்டு மணி நேரமும் மானியைப் பார்த்துக்கொண்டு காவலிருந்தேன். அப்பாவும் மாமாவும் அதற்குள் லீக்ஸ் விலை பற்றிய சர்ச்சையை முடித்து, புதிதாக வேறொன்றைத் தொடங்கியிருந்தார்கள்.

மூன்றாம் நாள், ஜனவரி 18: பண்டாரவளை வழியாக அப்புத்தளை

ஹக்கலை, வெலிமடை, பண்டாரவளை என்று இறங்கும் பாதை. வான் ஓடும்போது அதன் எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டனேட்டர் பற்றரிகளை நிரப்ப வேண்டும். ஆனால் மூன்று மணி நேர ஓட்டத்தில் 12 அம்பியருக்கு மேல் ஒரு கணமும் வரவில்லை. இதற்கு விடை பண்டாரவளையில் வாகன மின்வேலை செய்யும் என் சித்தப்பா மகனிடம் கிடைத்தது. இருக்கையைத் தூக்கிப் பார்த்தவன் நிமிர்ந்து, “அண்ணே, இந்த வயர்ல லைட் எரிக்கலாம், பெட்டரி நெரப்ப ஏலாது” என்றான்.

என்னுடையது 6 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர். போக 3, வர 3 என்று 6 மீற்றர் தூரத்துக்கு அதில் 40 அம்பியர் ஓடினால், வழியிலேயே 0.7 வோல்ற் கரைந்துபோகும். வீட்டு 230 வோல்ற்றில் 0.7 என்பது தூசு. ஆனால் 14.4 வோல்ற் தேவைப்படும் பற்றரிக்கு 13.7 தான் போய்ச் சேருகிறது என்றால், அது நிரம்பாமலேயே நிரம்பிய பாவனையில் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். தம்பி 25 சதுர மில்லிமீற்றர் வயரைப் போட்டுத் தந்தான். அதே ஓட்டத்துக்கு இழப்பு 0.2 வோல்ற்றுக்குள் அடங்கிவிடுகிறது. நீளம் தேவையென்றால் அதை 230 வோல்ற் பக்கத்தில் நீட்ட வேண்டும்; சார்ஜரிலிருந்து பற்றரிக்குப் போகும் பகுதி ஒரு முழத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றான். இயந்திரம் தொலைவில், சார்ஜர் பற்றரியின் மடியில். நான் இரண்டு நாளும் இதைத் தலைகீழாகத்தான் செய்திருந்தேன்.

வலுக்காரணித் திருத்தம் உள்ள, எடை குறைந்த 40 அம்பியர் சார்ஜர் ஒன்றையும் அவன் இரவலாகத் தந்தான். விலை கேட்டேன், சொன்னான், இரவலே போதும் என்று தீர்மானித்தேன். லித்தியம் பற்றரிக்கு மாறும்படியும் வற்புறுத்தினான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது: லித்தியம் இரும்பு பொஸ்பேற்று வகை ஏறக்குறைய நிரம்பும் வரை முழு மின்னோட்டத்தையும் விழுங்கும்; மின்பிறப்பாக்கி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் காசாகும். சுழியப் பாகைக்குக் கீழே அதற்கு மின்னேற்றக் கூடாது என்பது ஒன்றுதான் குறை. மாமாவின் பாத்திகளில் கண்ட உறைபனி வானுக்குள் வராதவரை எனக்கு அதுவும் குறையன்று. இருக்கிற பற்றரிகளுக்கு வயதாகட்டும்.

இருட்டும்போது அப்புத்தளை. தம்பேதென்னப் பாதையோரத்தில் சிறு தேயிலை நிலம் வைத்திருக்கும், தொழிற்சாலையில் தேயிலை பதனிடும் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரின் முற்றத்தில் நிறுத்த இடம் கிடைத்தது. அப்பாவுக்குப் பழைய அறிமுகம்.

நான்காம் நாள், ஜனவரி 19: அப்புத்தளை

இன்றுதான் கணக்கு ஒழுங்காக வந்தது என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

இரவு முழுவதும் இறங்கி, காலை ஏழு மணிக்கு மானி 47 விழுக்காடு காட்டியது. மாலையில் ஏற்றாமல் காலையில் ஏற்ற வேண்டும் என்பதை முதலாம் நாளிலேயே உணர்ந்திருந்தேன். பற்றரி மிகவும் பசித்திருப்பது காலையில்தான். பசித்த பற்றரிதான் கொடுப்பதையெல்லாம் வாங்கும். அதோடு, காலையில் ஓரளவு நிரப்பிவிட்டால், மீதியை மெதுவாக நிரப்பும் பொறுப்பைப் பகல் முழுவதும் சூரியத் தகட்டிடம் விட்டுவிடலாம். மாலையில் ஏற்றினால் தகட்டுக்குத் துணை செய்ய எந்த வாய்ப்பும் இல்லை, அயலாருக்கும் தொல்லை.

ஒரு சிறு திருத்தமும் செய்தேன். 14.4 வோல்ற் என்பது 25 பாகை வெப்பத்துக்கு உரிய அளவு. குளிரில் பற்றரிக்குள் வேதிவினை மந்தமாகிறது. ஒவ்வொரு பாகைக் குறைவுக்கும் ஒரு கலத்துக்கு ஏறத்தாழ 4 மில்லிவோல்ற், அதாவது ஆறு கலத்துக்கு 24 மில்லிவோல்ற் கூட்டிக்கொடுக்க வேண்டும். இன்று பற்றரியின் உடலில் 12 பாகை. 13 பாகைக் குறைவுக்கு 0.3 வோல்ற். சார்ஜரின் வெப்ப உணரியைப் பற்றரியின் மேல் ஒட்டியதும், அது தானே 14.7 என்று இலக்கை மாற்றிக்கொண்டது. மலைநாட்டுக் குளிரில் பற்றரி ‘நிரம்பிவிட்டது, ஆனால் நிற்பதில்லை’ என்று புலம்பும் பலரின் குறை இந்த 0.3 வோல்ற்றில் ஒளிந்திருக்கக்கூடும் என்பது என் ஊகம்.

ஏழே கால் மணிக்கு இயந்திரத்தைத் தொடக்கி, மூன்று நிமிடம் சுமையின்றி ஓடவிட்டு, பிறகு சார்ஜரை இணைத்தேன். 40 அம்பியர் நேராக ஏறியது. மின்பிறப்பாக்கியின் மேல் சுமை 640 வொற் அளவு. சிவப்பு விளக்கும் இல்லை, முனகலும் இல்லை. ஒன்பது மணி வரை அந்த 40 குறையவேயில்லை. அப்போது மானியில் 78. பிறகு பற்றரி 14.7 வோல்ற்றைத் தொட்டது. அந்தக் கணத்திலிருந்து அழுத்தம் அப்படியே நிற்க, மின்னோட்டம் சரியத் தொடங்கியது. ஒன்பது இருபதுக்கு 30, ஒன்பது நாற்பதுக்கு 20. அங்கே நிறுத்திவிட்டேன். மானி 86 என்றது. எரிந்தது 1.55 லீற்றர், கிடைத்தது ஏறத்தாழ 88 அம்பியர்-மணி, லீற்றருக்கு 57.

மின்னோட்டம் சரிந்த அந்தக் கடைசி நாற்பது நிமிடத்தில் இயந்திரத்துக்கு மிச்சம் இருந்த வலுவைக் கொண்டு ரைஸ் குக்கரில் சோறும் ஆயிற்று. அப்பாவுக்கு இந்தப் பயணத்திலேயே மிகவும் பிடித்த தொழில்நுட்பம் அதுதான்.

முற்றத்துப் பெரியவர் நெடுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் தம்பி, இன்னும் கொஞ்சம் ஓடினா நெறஞ்சிடுமே, பாதியில நிப்பாட்டிட்டீங்க?” என்றார். மீதமிருக்கும் 14 விழுக்காடு, அதாவது 28 அம்பியர்-மணி, இன்னும் மூன்று நான்கு மணி நேரம் கேட்கும் என்றும், இதுவரை எரிந்த அளவு பெற்றோலை அதற்கும் எரிக்க நேரிடும் என்றும் விளக்கினேன். அவர் சிறிது யோசித்துவிட்டுச் சொன்னார்: “கொழுந்து காயப்போடுற மாதிரிதான். முதல் ஈரம் மளமளன்னு போயிடும். கடைசி ஈரம் போக மாட்டேன்னு நிக்கும். அதுக்கு நெருப்பைக் கூட்டினா கருகிடும், நேரத்தைக் கொடுக்கணும்.” பற்றரித் தகட்டின் உட்புறம் வரை வேதிப்பொருள் ஊடுருவ நேரம் எடுக்கிறது என்று நான் சொல்ல நினைத்ததைவிட இது தெளிவாக இருந்தது.

ஆனால் எப்போதும் 86இல் நிறுத்திவிடவும் கூடாது. ஈய அமிலப் பற்றரி வாரக்கணக்கில் முழுதாக நிரம்பாமல் கிடந்தால், தகடுகளில் ஈய சல்பேற்று கடினமாகப் படிந்து கொள்ளளவைத் தின்றுவிடும். பத்து நாளுக்கு ஒருமுறையேனும் நூறைத் தொட வேண்டும். அந்தப் பணியைச் சூரியனிடமோ ஓடும் வானிடமோ வீட்டு மின்சாரத்திடமோ விடுவதுதான் என் தீர்மானம்.

மாலை ஆறரைக்குக் காற்றோடு மழை. எங்கோ மரம் முறிந்து வயர்மேல் விழுந்திருக்க வேண்டும், பாதை முழுவதும் இருண்டது. பெரியவரின் பேரன் இருபுறமும் பிளக் பூட்டிய ஒரு வயரைக் கொண்டுவந்து, மின்பிறப்பாக்கியிலிருந்து வீட்டுச் சுவரிலுள்ள துவாரத்துக்குக் கொடுத்தால் எல்லா விளக்கும் எரியுமே என்றான். எரியும்தான். அதே மின்சாரம் வீட்டு மீற்றரைத் தாண்டி வெளியே போய், கம்பத்து மின்மாற்றியில் உயர் அழுத்தமாக மாறி, மழையில் நனைந்துகொண்டு அந்த மரத்தை அகற்றும் மின்சார சபைத் தொழிலாளியின் கையில் ஏறும். 2022இல் இத்தகைய வயர்கள் பல வீடுகளில் பிறந்தன; அவற்றில் ஒன்றைத்தான் அந்தப் பையன் கையில் வைத்திருந்தான். அவன் முன்னிலையிலேயே ஒரு பிளக்கை வெட்டி எடுத்தோம். வானின் பற்றரியிலிருந்து ஒரு 12 வோல்ற் விளக்கை நீண்ட வயரில் அவர்கள் அடுப்படிக்குக் கொடுத்தேன். அது எடுப்பது அரை அம்பியருக்கும் குறைவு.

ஐந்தாம் நாள், ஜனவரி 20: நோர்வூட்

ஐந்து மணி நேர ஓட்டம். புதிய வயரில் ஆல்டனேட்டர் 35 அம்பியரில் தொடங்கியது, வெலிமடை ஏற்றத்தில் 30, தலவாக்கலையில் மேல் கொத்மலை அணையைக் கடக்கும்போது 14, ஹட்டனில் 7. காலையில் 60இல் புறப்பட்டு 98இல் வந்து சேர்ந்தோம். மின்பிறப்பாக்கியைத் தொடவில்லை. எப்படியும் ஓடப்போகும் வானிலிருந்து மூன்று நாளாக நான் வாங்கத் தவறியதை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்ளலாம்.

காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையை ஒட்டிய உறவினர் ஒருவரின் காணியில் வானை நிறுத்தினோம். எங்களுக்கு முன்னால் கிடக்கும் இந்தத் தண்ணீர்தான் கீழே விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. இந்த மலைகளின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து நாட்டுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று 1918ஆம் ஆண்டிலேயே கட்டுரை வாசித்த பொறியியலாளரின் பெயர் அது. அவர் கனவு கண்ட நீரின் கரையில், பெற்றோல் கேனோடு நான் நிற்கிறேன். அப்பாவோ அந்தத் தண்ணீரைப் பார்க்கவில்லை. எதிர்ச்சரிவில் தாம் பிறந்த லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின், கூரை எது என்று தேடிக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள், ஜனவரி 21: நோர்வூட்

தை மாதத்தில் ஊவாப் பக்கம் நனைந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும். காலை மானியில் 84. ஒன்பது மணிக்கே தகட்டிலிருந்து 6 அம்பியர், பதினொன்றரைக்கு 10. மரநிழல் ஓரமாகத் தகட்டின் மேல் விழுந்தபோது பாதியாகச் சரிந்ததால், பகலில் இரண்டு முறை வானை நகர்த்தினேன். மாலை நான்கு மணிக்கு அழுத்தம் உச்சத்தில் நிற்க, பற்றரிக்குள் போவது 2 அம்பியராக, அதாவது கொள்ளளவின் நூறிலொரு பங்காகத் தேய்ந்திருந்தது. முழுதாக நிரம்பியதற்கு அதுவே அடையாளம். மானியின் எண்ணை மட்டும் நம்புவதில்லை. அதுவும் நாளடைவில் பிசகும், இப்படி நிரம்பிய நாளில்தான் அதைத் திருத்த முடியும்.

ஆறு நாளில் எரிந்தது 4.65 லீற்றர். கண்டியில் வாங்கியது 5 லீற்றர். நாளை கொழும்புக்கு இறங்குகிறோம். இயந்திரம் மீண்டும் மாதக்கணக்கில் பெட்டிக்குள் போகும் என்பதால், கேனில் எஞ்சிய ஒரு குவளை பெற்றோலை உறவினரின் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றிவிட்டு, இயந்திரத் தாங்கியில் ஒட்டியிருந்ததையும் உறிஞ்சி எடுத்து, காபரேற்றரில் மிஞ்சியது எரிந்து தீரும்வரை சுமையின்றி ஓடவிட்டேன். பழைய பெற்றோல் அதற்குள் பிசினாக உறைந்தால் அடுத்த முறை கயிற்றை இழுத்துக் கை ஓய்ந்துபோகும். நான்கு நிமிடம் ஓடி, இரண்டு முறை இருமி, நின்றது. அதன் பிறகுதான் மறுகரைக் கோயிலின் மாலை மணி எங்களுக்குக் கேட்டது.